கழுத்தில் கறுப்புப் பெட்டி

பூனையின் கழுத்துப் பட்டையில் சின்னதாக ஒரு கறுப்புப் பெட்டி. அது போதாதா? குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் வேறு பேச்சே இல்லை.

எங்கேயோ உளவு பார்த்த புறாவைப் பிடித்தார்களாம். அணில்கூட மாட்டியதாம். புதிதாகக் குடிவந்த நர்ஸின் பூனை ஏன் வீடு வீடாக நுழைகிறது என்பது இப்போது எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

"கீழே எங்கப்பா வீட்லேருந்து அது வெளியே வர்றதை நானே பார்த்தேன்" என்று சங்கச் செயலாளர் சாட்சி சொன்னார். வண்டி எடுக்கத் தினமும் அந்த வாசலைத் தாண்டித்தான் போவார்.

பூனைக்கு யார் மணி கட்டுவது என்றுதான் உலகம் கேட்கும். இங்கே யார் அவிழ்ப்பது என்று கேள்வி. நர்ஸ் நைட் டியூட்டிக்குப் போனதும் செயலாளரே மாடிப்படியில் அதை அமுக்கிப் பிடித்து, பட்டையைக் கத்தரித்தார். கையெல்லாம் கீறல். குழுவில் ஒரே பாராட்டு.

காலையில் மூச்சிரைக்க ஓடிவந்த நர்ஸைக் கேட்டிலேயே மறித்தார்கள். வீட்டைக் காலி செய்யச் சொன்ன செயலாளர், பெட்டியைக் காட்டி, உளவு பார்க்கத்தானே இது என்று கேட்டார்.

"ஆமா சார். உங்க அப்பாவை."



போன மாதம் பூனையைத் தேடிப் போனபோதுதான், பெரியவர் பாத்ரூமில் விழுந்து கிடந்ததை அவள் பார்த்தாளாம். மகனுக்குத் தெரியக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாராம். தினம் யாராவது வந்து விசாரிப்பதும் அவருக்குப் பிடிக்காதாம்.

"காலைல கதவைத் திறந்து பூனைக்குப் பால் வைப்பார். அது உள்ளே போனா என் போன்ல காட்டும். எழுந்துட்டார்னு தெரிஞ்சுக்குவேன். இன்னைக்குக் காட்டலை. கூப்பிட்டா எடுக்கவும் இல்லை. வழி விடுங்க சார்."

செயலாளர் அவளுக்கு முன்னால் ஓடினார். அப்பாவின் கதவை இரண்டு கைகளாலும் தட்டினார்.

தலையைத் துவட்டிக்கொண்டே அப்பா கதவைத் திறந்தார். குளித்துக்கொண்டிருந்திருக்கிறார். போன உயிர் திரும்பி வந்தது செயலாளருக்கு. பின்னால் நர்ஸும், மொத்தக் குடியிருப்பும். யாரையும் நிமிர்ந்து பார்க்க முடியாமல் அவர் கூனிக் குறுகி நின்றார்.

வாசலில் மகனைப் பார்த்ததும் அப்பாவின் முகம் வெளிறியது.

"நீயா? நீ வந்திருக்கேன்னா... வீட்ல யாருக்குப்பா என்ன ஆச்சு?"