அறைந்து சாத்த முடியாத கதவு

சதுரப் பெட்டி மாதிரி இரண்டு குட்டிக் கார்கள் ஷோரூமில் நின்றன. ஒன்றில் விரியத் திறக்கும் கதவு. மற்றதில் பக்கவாட்டில் நகரும் கதவு.

"பின் சீட்டை மடக்கினா ஒரு மடக்குக் கட்டில், மேசை, பெட்டியெல்லாம் போகுமா தம்பி?" என்று அப்பா விற்பனையாளரிடம் கேட்டார்.

பக்கத்தில் நின்ற மகள் சட்டென்று அவரைத் திரும்பிப் பார்த்தாள். நேற்று அப்பா போனில் கிசுகிசுத்தது காதில் விழுந்திருந்தது: "அவகிட்ட மூச்சு விடலை. சாமானை ஏத்தும்போது தெரிஞ்சா போதும்."

கணக்கில் கோட்டை விட்டவளை ஹாஸ்டலில் தள்ளப் போகிறார்கள்!

"ரெண்டுலயும் தாராளமாப் போகும் சார். சந்துல நிறுத்துறதுன்னா நகர்ற கதவுதான் வசதி. பட்டனை அமுக்கினா தானா மெதுவா மூடிக்கும்."

"கோவத்துல அறைஞ்சு சாத்த முடியாதே?"

"முடியவே முடியாது சார்."

"அப்ப இதுதான்!"

மார்க் வந்த அன்று அவள் கதவை அறைந்ததில் சுவர்க் கடிகாரமே விழுந்தது. அதைத்தான் குத்திக் காட்டுகிறார்.

"அப்பா, ஒழுங்காப் படிக்கிறேன்ப்பா. கதவையும் அறைய மாட்டேன். ஹாஸ்டல் மட்டும் வேண்டாம்ப்பா!"

"ஹாஸ்டலா? அசடு! கட்டில் நம்ம வீட்டுலேருந்து போகலை, வீட்டுக்கு வருது. அம்மாவுக்கு இந்த ஊருக்கே மாத்தல் கிடைச்சிடுச்சு. இத்தனை வருஷம் தனியா இருந்த ரூமைக் காலி பண்றா. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு அவதான் சொன்னா."

"அப்ப... கதவு?"

"அறைஞ்சு சாத்துற வித்தை உனக்கு யார்கிட்டேருந்து வந்துச்சாம்?"

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பட்டனை அமுக்கினாள். யார் கோபத்தையும் சட்டை செய்யாமல் கதவு மெதுவாக மூடிக்கொண்டது.