நான் அப்பாவாம்

"எங்கண்ணனுக்கு இப்பவும் கோபம் வருமாடி?"

அத்தை ஒருமுறை போனில் என்னிடம் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"கோபமா? உங்கண்ணனுக்கா? நல்லா கேட்டே போ. பூனைக்குட்டிம்மா அவர்."

அந்தப் பதிலை நம்பித்தான் அத்தை தன் மகள் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் அவளுக்கு நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. பிள்ளையைக் கூட வைத்துக்கொள்ள அங்கே விடமாட்டார்களாம். மாமா போன பிறகு அவளுக்கு அண்ணனை விட்டால் வேறு ஆளும் இல்லை.

அவள் திரும்பி வரும்வரை பாப்பா எங்களோடு இருப்பாள். அவளுடைய கவுன்கள் காலையிலேயே என் அலமாரிக்கு வந்துவிட்டன. சாயங்காலம் அத்தை கிளம்பவேண்டும்.

மதியம் டி.வி.யில் ஒரு படம் போட்டார்கள். அப்பனும் மகனும் உடம்பு மாறிவிடுகிற படம். தொப்பை விழுந்த மனிதர் ஒருவர் மீசை முளைக்காத மகனின் உடம்போடு பள்ளிக்கூடம் போகிறார். வீட்டுப்பாடம் எழுதாமல் வகுப்புக்கு வெளியே முட்டி போடுகிறார். சைக்கிளிலிருந்து விழுகிறார்.

எங்கள் எல்லோரையும்விட அப்பாதான் அதிகம் சிரித்தார். தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார்.

படம் முடிந்ததும் அத்தைக்குக் குஷி தாங்கவில்லை.

"அண்ணா, நீ இவளாம். இவ நீயாம். எங்க, பண்ணுங்க பார்ப்போம்."

"இந்த வாயில்லாப் பூச்சியா? இவ எங்க பண்ணப் போறா. விடும்மா, உனக்கு நேரமாகுது" என்றாள் அம்மா.

அப்பா விடவில்லை. சோபாவிலிருந்து இறங்கித் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தோளில் கிடந்த துண்டைத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டார். அப்படியே என் குரலில் மூக்கால் பேசினார்.

"அம்மா, வயித்த வலிக்குதும்மா. நாளைக்கு நான் பள்ளிக்கூடம் போகலம்மா."

அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள். பாப்பா கைதட்டினாள். "மாமா சூப்பர்!"

அந்த வயிற்றுவலி அப்பா எழுதித் தரும் விடுப்புக் கடிதங்களில்தான் வரும். என் வயிற்றுக்கு ஒருநாளும் வந்ததில்லை.

"இப்ப நீ அப்பா. இதைக் கட்டிக்கோ" என்று அவரே தன் வாட்ச்சைக் கழற்றி என் கையில் மாட்டிவிட்டார். கடைசி ஓட்டையில் போட்டும் அது முழங்கைவரை ஓடியது.

நான் சோபாவில் உட்கார்ந்தேன். கால்மேல் கால் போட்டேன். பிறகு சடாரென்று எழுந்து, காதில் இல்லாத போனை வைத்துக்கொண்டு, முதுகை வளைத்தேன்.

"ஆயிடும் சார். இதோ முடிஞ்சிருச்சு சார். நீங்க கவலையே படாதீங்க சார்."

அத்தைக்குப் புரையேறிவிட்டது. "அச்சு அசல்! அண்ணா, உன்னையே உரிச்சு வெச்சிருக்காடா!"

அப்பாவும் சிரித்தார். கொஞ்சம் குறைவாக.

பாப்பா அத்தையின் மடியில் சாய்ந்துகொண்டு கேட்டாள். "அம்மா, ராத்திரி நான் யாருகிட்ட படுப்பேன்?"

"அக்காகிட்டதான். அக்கா உன்னைப் பார்த்துப்பா."

நான் பாப்பாவைப் பார்த்தேன். அவளைப் பார்த்துக்கொள்கிற சக்தி என்னிடம் இல்லை.

எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன்.

"ஏண்டி, புழுங்குது" என்றாள் அத்தை, சிரிப்பு மாறாமல்.

டி.வி.யில் சத்தத்தைக் கூட்டினேன். ஏதோ சோப்பு விளம்பரம் வீடு அதிரப் பாடியது.

வாட்ச்சைக் கழற்றினேன். அவசரமில்லாமல், கண்ணாடி கீழே படாதபடி, ஃபிரிட்ஜின் மேல் வைத்தேன்.

அம்மா எழுந்தாள். சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவளை யாரும் போகச் சொல்லவில்லை.

அத்தையின் சிரிப்பு பாதியில் நின்றது. சாத்திய கதவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

நான் அப்பாவின் எதிரில் போய் நின்றேன். அவ்வளவுதான் செய்தேன். கையை ஓங்கவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் முதலில் அப்படித்தான் நிற்பார்.

அப்பா தரையிலிருந்து அண்ணாந்து பார்த்தார். முக்காட்டுக்குள் அவருடைய சிரிப்பு இன்னும் மிச்சமிருந்தது. அது மெல்ல வடிந்தது. தோள்கள் உள்ளே ஒடுங்கின. சம்மணம் கலைந்து முழங்கால்கள் மார்புக்கு வந்தன. இடது உள்ளங்கை எழுந்து இடது காதைப் பொத்திக்கொண்டது.

"வேணாம்ப்பா" என்றார். "இனிமே பண்ணமாட்டேம்ப்பா."

இந்த முறை மூக்கால் பேசவில்லை. அது என் குரலும் இல்லை. குரல் உடையும் வயதில் இருக்கிற ஒரு பையனின் குரல். அந்தப் பையனை நான் பார்த்ததே இல்லை.

பாப்பா கலகலவென்று சிரித்தாள். "மாமா சூப்பர்!"

நான் அத்தையின் பக்கம் திரும்பினேன்.

அத்தையின் இடது கையும் அவளுடைய இடது காதின்மேல் இருந்தது.

அது அங்கே இருப்பது அவளுக்கே தெரியவில்லை போல. தெரிந்ததும் கையை எடுத்துப் பார்த்தாள், யாருடைய கையோ என்பதுபோல.

அப்பா துண்டை உருவி முகத்தைத் துடைத்தார். எங்கள் இருவர் முகத்தையும் பார்க்காமல், தரையைப் பார்த்துச் சிரிக்க முயன்றார்.

அத்தை பாப்பாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். இடுப்பில் வைக்கிற வயதைப் பாப்பா எப்போதோ தாண்டிவிட்டாள். கால்கள் கீழே தொங்கின. "டாட்டா காட்டலையே" என்று பாப்பா சிணுங்கினாள். அத்தை அவளுடைய தலையைத் தன் தோளில் அழுத்திக்கொண்டாள்.

வாசலில் ஒரு நொடி நின்று என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். என்னைப் பிடித்துக்கொள்ள அவளுக்கு இன்னொரு கை இருந்தது.

அந்தக் கையால், உள்ளே இருப்பவருக்குக் கேட்டுவிடக் கூடாது என்று சின்ன வயதிலேயே பழகியவளைப் போல, கதவைச் சத்தமில்லாமல் வெளியிலிருந்து சாத்திவிட்டுப் போனாள்.