ஜோடி சேராத காலுறை

ஈப்போ மண்டப வாசலில் சன்னாசி சப்பாத்தைக் கழற்றினார். ஒரு கால் சிவப்பு, மறுகால் பச்சை.

பிரமிளாவின் முகம் மலர்ந்தது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களே நடத்தும் விழா, செயலாளர் அவள். எல்லாரும் ஒரே மாதிரி இருக்க வேண்டியதில்லை என்று காட்ட, அன்று ஜோடி சேராத காலுறைதான் சட்டம்.

"அண்ணே, மேடைக்கு வாங்க."

கழுத்தில் மாலை விழுந்தது. கைதட்டல் ஓயவில்லை. வியர்த்துப்போன சன்னாசி அவள் காதருகே குனிந்தார்.

"தங்கச்சி, நான் குசினி அடுப்புக்கு கேஸ் தோம்பு கொண்டாந்த ஆளு. காலைல லைட்டு போடாம மாட்டிட்டேன்."

"தெரியும்ண்ணே. தலைமை தாங்க வந்த டத்தோ ரெண்டு கால்லயும் ஒரே கறுப்பு."

"இப்ப அவரு எங்க?"

"குசினிக்கு அனுப்பிட்டேன். உங்க தோம்பத் தூக்கிட்டுப் போறாருலா."