எண்பது கிலோ கோழி

"அம்மா, ஃப்ரிட்ஜ்ல நீல ஜக்குல இருந்த மோர் எங்கே?"

"மாப்பிள்ளையோட அப்பாவுக்குக் குடுத்தேன்டி. ரெண்டு டம்ளர் குடிச்சார். இந்த மாதிரி மோரு எங்கேயும் குடிச்சதில்லன்னு சொன்னார்!" பேட்ரிசியாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு.

பட்டுச்சேலை கசங்குமே என்றுகூடப் பார்க்காமல் ஃபெமினா சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயோ அம்மா, அது கோழிக்குக் கலந்து வச்ச மோரும்மா!"

மன்னார்புரத்தில் அந்த வீட்டுக் கொல்லையில் ஐந்து கோழிகள். வெயிலில் கழிச்சல் கண்டு சுருண்டு கிடந்தவற்றை ஃபெமினாதான் தேற்றி எடுத்தாள். குடலுக்கு நல்லது செய்யும் நுண்ணுயிர்கள் அடங்கிய ப்ரோபயாடிக் பவுடர் ஒன்று கடையில் கிடைத்தது. மோரில் கலந்து, இரண்டு பல் பூண்டு நசுக்கிப் போட்டு வைத்தால் ஐந்தும் முட்டி மோதிக்கொண்டு குடிக்கும். இப்போது முட்டைக்குப் பஞ்சமே இல்லை.

வரனுக்குத்தான் பஞ்சம். போன முறை பெண் பார்க்க வந்தவர்கள், "பொண்ணு காலேஜ்ல பாடம் எடுக்குதுன்னீங்க, கோழிப்பண்ணை வச்சிருக்குன்னு சொல்லலையே" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள். அதனால் இன்று சர்ச்சில் பூசை முடிந்து வந்ததுமே கூண்டின்மேல் பெட்ஷீட்டைப் போர்த்திவிட்டாள் பேட்ரிசியா. மணப்பாறை மாப்பிள்ளை வீட்டார் கிளம்பிப் போகிற வரைக்கும் கோழி என்ற வார்த்தையே வீட்டில் யார் வாயிலும் வரக்கூடாது என்று உத்தரவு.

"மாதாவே! பூண்டு வாசனை வந்துச்சுதான். நீ ஏதோ புதுசா செஞ்சிருக்கேன்னு நெனச்சேன்."

"பாக்கெட்டைப் பாரும்மா. 'கோழிகளுக்கு மட்டும்'னு போட்டிருக்கு."

"சின்ன எழுத்துலயா, பெரிய எழுத்துலயா?"

"கோழி படமே போட்டிருக்கும்மா!"

பேட்ரிசியாவுக்கு வியர்த்துக் கொட்டியது. "வர்ற வழியெல்லாம் முறுக்கு தின்னு வயிறு ஒரு மாதிரியா இருக்குன்னுதான்டி மோர் கேட்டார் அந்த மனுஷன். பேசாம சொல்லிடலாமா?"

"சொன்னா எழுந்து போயிடுவாங்க."

"சொல்லலைன்னா?"

"அவரால எழுந்து போகவே முடியாம ஆயிட்டா?"

தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எங்கிருந்துதான் வந்ததோ, இருவருக்கும் குபீரென்று சிரிப்பு. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். சிரித்து முடித்ததும் ஃபெமினாவுக்கு அழுகை வந்துவிட்டது. மாப்பிள்ளை ஜோஸுக்குக் கொடுத்த காபியில் அவள் சர்க்கரை போட மறந்திருந்தாள். அதை முகம் சுளிக்காமல் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, "தேங்க்ஸ்" என்றவன் அவன். இது தட்டிப்போனால் அவளுக்குத் தாங்காது.

பாக்கெட்டின் பின்பக்கம், 'ஆலோசனைக்கு' என்று ஒரு செல் நம்பர் இருந்தது. ஃபெமினா கொல்லைக்கு ஓடினாள். கூண்டுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து நம்பரை அழுத்தினாள்.

"ஹலோ, கோழி மருந்து சம்பந்தமா..."

"ஒரு நிமிஷங்க" என்று கிசுகிசுத்தது ஓர் ஆண் குரல். கொஞ்சம் பொறுத்து, "இப்ப சொல்லுங்க" என்றது.

"உங்க பவுடர் கலந்த மோரை ஒண்ணு அதிகமா குடிச்சிடுச்சு சார்."

"எவ்வளவு?"

"ரெண்டு டம்ளர்."

"டம்ளர்லயா குடிச்சுது?"

"ஆமா சார். பழக்கம்."

"எடை எவ்வளவு இருக்கும்?"

"எண்பது கிலோ."

"கோழிதானேங்க?"

"கோழின்னே வச்சுக்கங்க சார்."

"வயசு? எத்தனை வாரம்?"

ஃபெமினா மனக்கணக்குப் போட்டாள். "மூவாயிரம் வாரத்துக்கு மேல இருக்கும் சார்."

"முட்டை போடுதா?"

"போடாது சார். மீசை இருக்கு."

"கூண்டுல தனியா அடைச்சு வச்சிருக்கீங்களா?"

"இல்ல சார். சோபால உக்காந்து எங்க அப்பாகிட்ட மாட்டுச்சந்தை பத்திப் பேசிட்டிருக்கு."

இதற்குமேல் அவளால் முடியவில்லை. "சார், மன்னிச்சுக்கங்க, அது கோழியே இல்ல. என்னைப் பொண்ணு பார்க்க வந்திருக்கிற மாப்பிள்ளையோட அப்பா. எங்க அம்மா தெரியாம குடுத்துட்டாங்க. அவருக்கு ஏதாவது ஆயிடுமா சார்?"

மறுமுனையில் இருமல் போல ஏதோ வந்தது. இருமலா, சிரிப்பா என்று தெரியவில்லை.

"அதைச் சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணு தெரியணும். மாப்பிள்ளையை உங்களுக்குப் பிடிச்சிருக்கா?"

"அது எதுக்கு சார் உங்களுக்கு?"

"அதைப் பொறுத்துத்தாங்க வைத்தியம்."

"பிடிச்சிருக்கு சார். அதனாலதான் கொல்லையில ஒளிஞ்சு உக்காந்து உங்களுக்குப் போன் பண்றேன்."

அடுத்த பதில் போனிலும் கேட்டது, வீட்டின் பக்கவாட்டுச் சந்திலிருந்தும் கேட்டது.

"அப்ப பயப்படாதீங்க. நான் விக்கிறது கோழி மருந்துன்னு தெரிஞ்சா நீங்க வேண்டாம்னு சொல்லிடுவீங்கன்னு, 'வெறும் மருந்து கம்பெனின்னு சொல்லு, மத்ததைக் கல்யாணத்துக்கு அப்புறம் பாத்துக்கலாம்'னு எனக்குச் சொல்லிக்குடுத்துக் கூட்டிட்டு வந்ததே அந்தக் கோழிதாங்க" என்றபடி, போனைக் காதிலிருந்து எடுக்காமலே அவள் எதிரில் வந்து நின்றான் ஜோஸ்.