சனிக்கிழமைச் சத்தம்

"எப்பவாவது ஓடற பழைய டீசல் வண்டி சார். வாரம் ஒரு தடவையாவது சூடேற ஓட்டணும். இல்லேன்னா அவசரத்துக்குக் காலை வாரிடும்" என்றேன்.

முதியோர் இல்ல மேனேஜர் மாடியைக் கண்ணால் காட்டினார். "வாத்தியார் விடமாட்டேங்கறாரேப்பா."

வாத்தியாரே இறங்கி வந்தார். "டிரைவர், சனிக்கிழமை உன் வண்டி உறுமினா இங்க ஒருத்தருக்கும் சாப்பாடு இறங்கறதில்ல. நான் இருக்கற வரைக்கும் அந்தச் சத்தம் என் காதுல விழக் கூடாது."

பெரியவரிடம் என்ன வாய் கொடுப்பது? சாவியை ஆணியில் மாட்டினேன்.

மூன்று மாதம் கழித்து, இன்று காலை சாவியைத் திருப்பினேன். இரண்டு முறை இருமிவிட்டு அடங்கிவிட்டது.

கைத்தடிகளைப் போட்டுவிட்டு, ஆளாளுக்கு அந்த அமரர் ஊர்தியைத் தள்ளினார்கள். வாசலைத் தாண்டியதும் தெருவே அதிர உறுமியது.

உள்ளே வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்த வாத்தியார் காதில் மட்டும் அது விழவில்லை.