செங்கமலத்தின் கல்யாணப் பாட்டு

மகள் கல்யாணத்துக்குத் தானே ஒரு பாட்டுப் பாடிப் பதிவு செய்ய வேண்டும் என்று சிற்றெறும்பு செங்கமலம் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனாள். அப்போதுதான் யானை ஒன்று பெரிய மைக்கில் பிளிறிவிட்டு வெளியே போனது.

சின்ன மைக் அவளை ஆசையாகக் கூப்பிட்டது. "வாங்கம்மா. யானை பிளிறினா நான் மயங்கி விழுந்துடுவேன். ஆனா நீங்க மூச்சு விட்டாக்கூட எனக்குக் கேட்கும்."

செங்கமலத்துக்கு முகம் சுருங்கியது. "யானைக்குப் பெரிசு, எனக்குச் சின்னதா? நான் என்ன அவ்வளவு மட்டமா?" என்று பெரிய மைக்கின்மேல் ஏறி நின்று, தொண்டை வறளப் பாடினாள்.

"எப்போம்மா ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டது பெரிய மைக்.

பதிவைப் போட்டார்கள். வாசலில் படுத்துவிட்ட யானையின் குறட்டை மட்டும் முழங்கியது.

செங்கமலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "அடேயப்பா, என் குரல் இத்தனை கம்பீரமா!"