இணைப்பு வெற்றி

தராஸ் நகரக் குதிரைப் பந்தய அலுவலகத்தில் குல்ஷாரா காலையிலிருந்து கணினியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். மதியத்துக்குள் பதிவுச் செயலி புதிய சர்வரிலுள்ள தரவுத்தளத்தோடு பேசியாக வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்குப் பந்தயமே கிடையாது. வாசலில் குதிரைக்காரர்கள் கூடிவிட்டார்கள்.

ஒருவழியாகக் கோளாறு பிடிபட்டது. செயலி அறுபத்து நான்கு பிட்; அதைத் தரவுத்தளத்தோடு இணைக்க அவள் போட்டிருந்த டிரைவர் மென்பொருளோ முப்பத்திரண்டு. அதை நீக்கிவிட்டுச் சரியானதை நிறுவினாள். சர்வரின் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்துச் சோதனைப் பொத்தானைத் தட்டினாள்.

‘இணைப்பு வெற்றி.’

“பேசிருச்சு! ராபிகாக்கா, பேசிருச்சு!”

நல்லது நடந்தால் மிட்டாய் வீசாமல் கணக்கர் ராபிகாவால் இருக்க முடியாது. நீலத்தாள் சுற்றிய மிட்டாய்களை அள்ளிக் கூரையைப் பார்த்து எறிந்தாள். குதிரைக்காரர்கள் உள்ளே பாய்ந்து பொறுக்கினார்கள்.

“எனக்கு ஒண்ணுகூட கெடைக்கல!” என்று கத்தினார் கிழவர் தோக்தர்.

“உங்க குதிரை மாதிரிதானே நீங்களும் ஓடுவீங்க!” என்றாள் ராபிகா.

சிரிப்பு அடங்குவதற்குள் அலுவலக உதவியாள் எர்போலாத் ஒரு பெட்டியோடு மூச்சிரைக்க நுழைந்தான். “கோவிச்சுக்காதக்கா, லாரி இப்பத்தான் வந்துச்சு. இந்தா உன் புது சர்வர்.”

“வெளையாடாதடா. நேத்தே மாட்டிட்டேல்ல?”

“எங்க மாட்டுறது? சீலே ஒடைக்கல, பாரு.”

குல்ஷாரா கத்தியால் பெட்டியைக் கிழித்தாள். பிளாஸ்டிக் உறைக்குள் சர்வர் புத்தம்புதிதாக இருந்தது. உறையையும் பிரித்தாள். சர்வரின் மேல் நீலத்தாள் சுற்றிய மிட்டாய் ஒன்று கிடந்தது.

தோக்தர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கையை நீட்டினார்.

“பாத்தியா, எனக்குன்னு எடுத்து வச்சிருக்காங்க!”